65-ஐ 70 ஆக்கும் வேலை: தருமபுரியில் 12 போர் சேம்பர் நீட்டிப்பு எப்படிச் செய்கிறார்கள்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் லைசென்ஸ் உள்ள பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பல, அப்பாவோ தாத்தாவோ வாங்கி வைத்தவை. பெல்ஜியத்திலோ இங்கிலாந்திலோ செய்து வந்த 12 போர், அதாவது 12 என்ற குழல் அளவு கொண்டவை. அந்தக் காலத் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, பெரும்பாலும் 65 மி.மீ. நீளம்தான் இருக்கும். இன்றைக்குக் கடையில் தோட்டா கேட்டால் எடுத்துக் கொடுப்பது 70 மி.மீ. 65 கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சேம்பரை 5 மி.மீ. நீட்டிக் கொடுக்கும் வேலை நடக்கிறது. தருமபுரியில் லைசென்ஸ் பெற்ற ஒரு பழுதுபார்க்கும் பட்டறை செய்த வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயர் இங்கே இல்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். “70 தோட்டா உள்ளே போகுது, துப்பாக்கி மூடுது, அப்புறம் என்னங்க?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். உள்ளே போகும், மூடவும் செய்யும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு வாய் முழுக்க விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கம் மடித்து மூடப்பட்டிருப்பதால் அதன் நீளம் 60 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். 65 அறையில் அது தாராளமாக உட்காரும். சுடும்போது மடிப்பு முன்பக்கமாக விரிகிறது. விரிய வேண்டிய இடத்தில் அறை முடிந்து, குழல் குறுகத் தொடங்கும் கூம்பு வந்துவிடுகிறது. பட்டறையில் இதைக் கோன் என்பார்கள். உறையின் வாய் கோனுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க, வாட் என்ற உள்ளடைப்பும் ஈயக்குண்டுகளும் அந்த இறுக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போகின்றன. அழுத்தம் ஏறுகிறது, உதை கூடுகிறது. குழலை மூடிப் பிடிக்கும் பூட்டு தேய்ந்த பழைய துப்பாக்கிக்கு ஒவ்வொரு வெடியும் ஓர் அடி.

இப்படிச் சுட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் காலி உறையைப் பாருங்கள். சரியான அறையில் சுட்ட உறையின் வாய் மடிப்புகள் நேராக விரிந்து, விளிம்பு முழுதாக இருக்கும். குறுகிய அறையில் சுட்டதன் விளிம்பு நைந்து, இழுபட்டு, பிளாஸ்டிக் மெலிந்து கிழிந்திருக்கும். வீட்டில் பழைய காலி உறை கிடந்தால் இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடலாம்.

உங்கள் துப்பாக்கி 65-ஆ, 70-ஆ என்று அறியக் குழலின் அடிப்பக்கம், தட்டையான இடத்தில் வெட்டியிருக்கும் முத்திரைகளைப் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை ஒரு முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளோடு இருக்கும். பக்கத்தில் 12-65 அல்லது 12-70 என்று எண் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. இங்கிலாந்துத் துப்பாக்கியில் 2½ அங்குலம் என்று இருந்தால் 65. 2¾ என்று இருந்தால் 70. முத்திரை தேய்ந்து போயிருந்தாலோ, வேறு யாராவது ஏற்கெனவே கை வைத்திருந்தாலோ, எண்ணை நம்பாமல் அளக்க வேண்டும். இந்தப் பட்டறையில் சேம்பர் கேஜ் இருக்கிறது. அதற்கு மேலாக 20.2 மி.மீ. அகலத்துக்கு அரைத்த ஓர் எஃகுப் பட்டையும் வைத்திருக்கிறார்கள். 12 போர் அறையின் முன்முனை விட்டம் 20.3 மி.மீ. ஆகையால் பட்டை அறைக்குள் சறுக்கிப் போய்க் கோன் தொடங்கும் இடத்தில் நிற்கும். அதன் மேல் கோடு போட்டுப் படிக்கிறார்கள். எளிய கருவிதான். ஆனால் கேஜ் காட்டும் எண்ணும் பட்டை காட்டும் எண்ணும் ஒத்துவந்தால்தான் அடுத்த வேலை என்று வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இனி நீட்டும் வேலையின் கணக்கு. இதைப் புரிந்துகொண்டவர் கடைக்காரர் சொல்வதைத் தானே எடைபோட்டுப் பார்க்கலாம்.

அறையின் முன்முனை 20.3 மி.மீ., அதற்கு அப்பால் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. வித்தியாசம் 1.8. ஒரு பக்கத்துக்கு 0.9 மி.மீ. பழைய துப்பாக்கிகளில் இந்த 0.9 இறக்கம் குறுகிய கோன் ஒன்றில், சுமார் 10 மி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். அறை 65-இல் முடிகிறது, கோன் 75-இல் முடிகிறது. இப்போது அறையை 70 ஆக்கி, கோனையும் அதே 10 மி.மீ. நீளத்தில் வைத்தால், கோன் 80-இல் முடியும். 70-க்கும் 75-க்கும் இடையில் சுவரிலிருந்து ஏறக்குறைய 0.45 மி.மீ. இரும்பு போகும். அதிகபட்ச இழப்பு அவ்வளவுதான்.

ஆனால் “கோனையும் சேர்த்து நீளமா எடுத்துக்கலாம், உதை குறையும்” என்று சில இடங்களில் 40 மி.மீ. கோன் போடச் சொல்வார்கள். புதுத் துப்பாக்கிக்கு அது பரவாயில்லை. பழையதுக்குக் கணக்கு மாறுகிறது. 75 மி.மீ. தூரத்தில் பழைய குழல் 18.5 ஆகச் சுருங்கிவிட்டிருந்தது. புதிய நீளக் கோனில் அதே இடம் இன்னும் 20 மி.மீ.க்கு மேல் அகலமாக இருக்கும். அங்கே ஒரு பக்கச் சுவரில் போவது ஏறக்குறைய 0.8 மி.மீ. குறுகிய கோனோடு ஒப்பிட்டால் இழப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தை ஒட்டியே இந்த இழப்பு வருகிறது. உதை குறைவதாகச் சொல்லப்படும் அந்தச் சின்ன லாபத்துக்கு இந்த இரும்பைக் கொடுப்பது பழைய துப்பாக்கிக்கு வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இந்தப் பட்டறை அதை ஏற்றுக்கொண்டு குறுகிய கோன்தான் போடுகிறது. இவர்களிடம் எங்களுக்கு முதலில் மரியாதை வந்தது இந்த இடத்தில்.

சுவர் கனம் அளக்கும் முறையும் நன்றாக இருந்தது. குழலுக்குள் ஒரு கம்பி, வெளியே டயல் கேஜ். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்தில் அளக்கிறார்கள். இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஒட்டியிருக்கும் உள்பக்கத்தில் அளவு எடுப்பது சிரமம். அங்கே பித்தளைப் பற்றவைப்பின் கனத்தையும் சேர்த்துப் படித்துவிட்டால் எண் பொய் சொல்லும். அதனால் வெளிப்பக்க மூன்று அளவையே முடிவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டி முடித்த பிறகு சேம்பர் முனையில் குறைந்தது 2.3 மி.மீ. சுவர் மிஞ்ச வேண்டும் என்பது இவர்களின் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே போகும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள்.

மதிப்பீட்டுக்காகப் பார்த்த வேலை ஒரு பெல்ஜியம் இரட்டைக்குழல். 12-65 முத்திரை தெளிவாக இருந்தது. வலக்குழல் உள்விட்டம் 18.5, இடக்குழல் 18.6. அடியிலிருந்து 75 மி.மீ. தூரத்தில் வலக்குழலின் சுவர் 3.6. இடக்குழலில் ஒரு பக்கம் 3.5, மறுபக்கம் 3.1. ஒரே குழலில் 0.4 வித்தியாசம். குழல் உள்ளும் புறமும் ஒரே மையத்தில் இல்லை என்று பொருள். பழைய துப்பாக்கிகளில் இது புதிதல்ல. இந்த 3.1-ஐ வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், 3.5-ஐ வைத்தல்ல. 3.1-இல் 0.43 போனால் 2.67. கோட்டுக்கு மேலே. நீளக் கோன் போட்டிருந்தால் 0.74 போய் 2.36 மிஞ்சும். கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். குறுகிய கோன் என்ற முடிவு எண்ணிலிருந்தே வந்தது.

அதே வாரம் வந்த இன்னொரு இங்கிலாந்துத் துப்பாக்கி மிக இலகுவானது. கையில் எடுத்தால் பறவைபோல இருக்கும். அதே தூரத்தில் சுவர் 2.6. வெட்டினால் 2.15. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அளவு எடுத்ததற்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு “65 தோட்டாவே போடுங்கய்யா, கெடுக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். உரியவர் வருத்தப்பட்டார். ஆனால் அந்த 1,200 ரூபாய்தான் இந்தக் கடையில் வாங்கக்கூடிய மிகச் சிறந்த சேவை.

சுவர் அளப்பதற்கும் முன்னால் பூட்டைப் பார்க்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடிய நிலையில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியும். குழலின் அடிமுகத்துக்கும் பின்பலகைக்கும் இடையே சிகரெட் தாள் ஒன்றை வைத்து மூடினால் அது இறுக வேண்டும். தாள் சுலபமாக உருவி வந்தால் முதலில் பூட்டுக்குத்தான் வேலை. பூட்டு ஆடும் துப்பாக்கியின் சேம்பரை நீட்டிப் பெரிய தோட்டா போடுவது, சக்கரத்து அச்சாணி கழன்ற வண்டியில் பாரம் ஏற்றுவது போன்றது. இந்தப் பட்டறை அதைச் சரியான வரிசையில் செய்கிறது. டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த, மேலே அலையலையாகக் கோடு தெரியும் குழல் வந்தால் அளக்கக்கூட எடுக்கமாட்டார்கள். சரியான முடிவு.

வெட்டும் முறை. லேத்தில் போட்டு வெட்டவில்லை. இரண்டு குழலும் ஒட்டியிருக்கும் துப்பாக்கியை லேத்தில் மையப்படுத்துவது கடினம். குழலைப் பட்டையிட்ட வைஸில் நிறுத்தி, ரீமர் என்ற துளை அகட்டும் வெட்டுக்கருவியைக் கையால் திருப்புகிறார்கள். ரீமரின் முன்னால் பைலட் என்ற உருளை உண்டு. அது குழலின் உள்விட்டத்துக்கு ஒட்டி ஓடினால்தான் ரீமர் நேராகப் போகும். 18.5 குழலுக்கு 18.45 பைலட், 18.6 குழலுக்கு 18.55 என்று மாற்றிப் போட வேண்டும். ஒரே பைலட்டில் இரண்டு குழலையும் வெட்டினால் இடக்குழலில் ரீமர் ஆடும். ஒரு பக்கம் அதிகமாக வெட்டும். ஏற்கெனவே 3.1 ஆக இருக்கும் பக்கத்தில் அந்த ஆட்டம் விழுந்தால் கணக்கெல்லாம் வீண். இந்தக் கடையில் பைலட் வளையங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் அளவு எழுதியிருக்கிறது.

வெட்டெண்ணெய் தாராளமாக ஊற்றி, மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை ரீமரை வெளியே எடுத்துச் சீவலைத் துடைக்கிறார்கள். பின்பக்கம் திருப்புவதில்லை. திருப்பினால் பல்லின் விளிம்பு மழுங்கி, சீவல் சுவரைக் கீறிவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் ரீமர் நடுங்கி, அறையின் சுவரில் பலகோண வரிகள் விழும். பிறகு சுட்ட உறை அந்த வரிகளில் பிடித்துக்கொண்டு வெளியே வராது. வெளித்தள்ளும் கொக்கி உறையின் விளிம்பைத் தாண்டி நழுவும். அந்தத் துப்பாக்கியைக் காட்டுப்பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு குச்சியால் உறையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். குழலுக்குள் குரோம் பூசியிருந்தால் சாதாரண ரீமர் அதன்மேல் ஓடாது. கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் 320, 400, 600 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றிப் பளபளப்பாக்குகிறார்கள். இங்கேதான் இந்த வேலையின் குறை தெரிந்தது. இடக்குழலின் பழைய அறை ஏற்கெனவே தேய்ந்து 20.4 ஆக இருந்தது. புதிய ரீமர் 20.3. ஆகவே 65 மி.மீ. இருந்த இடத்தில் ஒரு மெல்லிய படிக்கட்டு விழுந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு 0.05 மி.மீ. உயரம்தான். ஆனாலும் சுடும்போது பிளாஸ்டிக் உறை வீங்கி அந்தப் படியில் பிடித்துக்கொள்ளும். முதல் சோதனையிலேயே இடக்குழலின் உறை இறுக்கமாக வந்தது. திருப்பிக் கொடுத்ததும் படியைத் தேய்த்து மழுக்கி, கூடுதல் பணம் வாங்காமல் முடித்தார்கள். ஆனால் வெட்டும் முன்பே பழைய அறையின் விட்டத்தை அளந்திருந்தால் இது தெரிந்திருக்கும். சுவரை அவ்வளவு கவனமாக அளந்தவர்கள் அறையின் விட்டத்தை அளக்காமல் விட்டது சரியில்லை. நீங்கள் கொடுக்கும்போது 20 மி.மீ., 40 மி.மீ., 60 மி.மீ. என்று மூன்று ஆழத்தில் விட்டம் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று இந்த வேலையில் தீராது. அறைக்குள் துருக்குழி இருந்தால் நீட்டுவதால் அது போகாது. தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கிறோம். மாதக்கணக்கில் துடைக்காமல் சாக்குத்துணியில் சுற்றிக் கிடந்து திரும்பும்போது அறையில் பொடிப்பொடியாகத் துரு அரித்திருக்கும். ஒப்படைக்கும் முன் குழலுக்குள் எண்ணெய் தோய்த்த துணியை இழுத்து, வெளியே ஒரு கை எண்ணெய் தடவிக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. ரீமர் வெட்டுவது 65-க்கு அப்பால். துரு இருப்பது அதற்குப் பின்னால். ஆகவே “நீட்டும்போது அதையும் சேர்த்து எடுத்துடுங்க” என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நீட்டிய பிறகு எந்தத் தோட்டா போடலாம் என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். அறை 70 ஆனதால் துப்பாக்கி வலுவானதாகிவிடாது. அறையின் நீளம் வேறு, தாங்கும் அழுத்தம் வேறு. துப்பாக்கிச் சோதனைக்கான ஐரோப்பிய அமைப்பான சி.ஐ.பி.யின் விதிப்படி சாதாரண 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார் (அழுத்தத்தின் அலகு). அதிகத் திறன் தோட்டா 1,050 பார். சோதனைச்சாலையில் வைக்கும் சோதனை வெடியே சாதாரண வகைக்கு 930, அதிகத் திறன் வகைக்கு 1,320. நீட்டப்பட்ட பழைய துப்பாக்கிக்கு இரண்டாம் வகை ஒருபோதும் கூடாது. 70 மி.மீ. உறையில் வரும் இலகுவான சுமை, 28 அல்லது 30 கிராம் ஈயம் உள்ளது போதும். 36 கிராம், மேக்னம் என்று எழுதியதை எடுக்காதீர்கள். புனே பக்கம் கட்கியில் உள்ள ஆலையின் கே.எஃப். தோட்டாப் பெட்டியில் 65, 70 என்று நீளம் போட்டிருக்கும். நீளத்தோடு சுமையையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் இப்படிச் சேம்பர் நீட்டினால் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச்சாலையில் மறுபடி சோதனை வெடி வைத்து முத்திரை வாங்காமல் அந்தத் துப்பாக்கியை விற்கவே கூடாது. பழைய முத்திரை 65 அறைக்குக் கொடுத்தது. 70-க்கு அது சாட்சி அல்ல. இந்தப் பட்டறை மறுசோதனை ஏதும் செய்வதில்லை. தங்கள் மணல் மேட்டில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து குழலுக்கு இரண்டு வீதம் நான்கு வெடி வைத்துப் பார்க்கிறார்கள். அதுவும் சாதாரணத் தோட்டா. நான்கு வெடியில் தெரிவது பெரிய பிழை மட்டுமே. இது இந்த வேலையின் உண்மையான எல்லை. ஆகவேதான் சுவர் கனத்தின் மேல் இவ்வளவு அழுத்தம் கொடுத்து எழுத வேண்டியிருக்கிறது. வெடிக்கு முன் நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த எண்தான்.

ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாயிண்ட் 315 ரைபிளை 30-06 ஆக்க முடியுமா என்று கேட்டு இந்தக் கடைக்கும் ஆள் வருகிறார்கள். முடியாது. சேம்பர் மாற்றுவது என்றால் அறையைப் பெரிதாக்குவது. குழலின் உள்விட்டத்தைச் சிறிதாக்க எந்த ரீமராலும் ஆகாது. 315 என்பது 8 மி.மீ. குழல். 30-06 தோட்டாவின் குண்டு 7.8 மி.மீ.க்குப் பக்கம். அந்தக் குண்டு 8 மி.மீ. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல்வரிகளைப் பிடிக்காமல் தடதடவென்று வழுக்கிக்கொண்டு போகும். 315 உறைக்கு அடியில் விளிம்பு உண்டு, 30-06-க்கு வெளியே நீட்டும் விளிம்பு இல்லை. பூட்டின் முகம், கொக்கி எல்லாமே மாற வேண்டும். இதற்கு மேல் லைசென்ஸில் எழுதியிருக்கும் போர் அளவே மாறிவிடும். அரசு அனுமதிக்காத போருக்கு மாற்றினால் அது வேறு வகைக் குற்றம். இதைப் பொறுமையாக விளக்கி அனுப்பும் கடைக்காரரை நாங்கள் பாராட்டுகிறோம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் உரிமம் பெற்றவர் மட்டுமே கை வைக்கலாம். பக்கத்து லேத் பட்டறையில் “அஞ்சு மில்லிதானே” என்று கொடுத்தால் பட்டறைக்காரரும் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் துப்பாக்கி செய்வது, மாற்றுவது போன்றவற்றுக்குக் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை நீளும் தண்டனை. சேம்பரை நீட்டினாலும் 12 போர் 12 போராகவே இருக்கும், லைசென்ஸில் போர் அளவு மாறாது. என்றாலும் இந்தப் பட்டறை ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலைக் கொண்டுவந்தால்தான் வேலையைத் தொடும். அலைச்சல்தான். ஆனால் இதில் கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மனுவுக்கு முன் லைசென்ஸ் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965-இல் பிரிந்தது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து 2004-இல் பிரிந்தது. ஆகவே ஒரே லைசென்ஸில் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று முத்திரைகளைப் பார்க்கலாம். ஊத்தங்கரை, ஓசூர் பக்கத்துக்காரர்கள் இன்று மனு கொடுக்க வேண்டியது கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு. பழைய பழக்கத்தில் தருமபுரிக்குப் போய் வீணாகத் திரும்புகிறார்கள். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் லைசென்ஸில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாரிசு பெயருக்கு மாறாத துப்பாக்கியை எந்தக் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள், முதலில் பெயரை மாற்றுங்கள்.

ஓசூர், சூளகிரி பக்கம் உள்ளவர்களுக்குப் பெங்களூரு அருகில் இருப்பதால் அங்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். லைசென்ஸ் செல்லுபடியாகும் பகுதி தமிழ்நாடு மட்டும் என்று எழுதியிருந்தால், அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டிய நிமிடமே அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களின் ஓரத்து ஊர்க்காரர்கள் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சரணாலயத்துக்குள் முன்அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதே காரணத்தால், வேலை முடிந்ததும் சொந்த நிலத்தில் சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம். வேட்டை அந்தச் சட்டத்தோடு முடிந்துபோன சங்கதி. கேழ்வரகையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றி மேய்ந்துவிட்டுப் போகிறது என்ற வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனாலும் அதைச் சுடும் முடிவு வனத்துறையிடம் இருக்கிறது, லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் இல்லை.

விலை. அளவெடுப்பு 1,200. சேம்பர் நீட்டிப்பு குழலுக்கு 4,500, இரண்டுக்கும் 9,000. சோதனை வெடிக்கான தோட்டா நம்முடையது. மூன்று வாரம் என்று சொல்லி ஐந்து வாரத்தில் கொடுத்தார்கள். தாமதம் பெரிய குறையல்ல. ஆனால் துப்பாக்கி வேறிடத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நம் கையில் ரசீது இருக்க வேண்டும். அதில் லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், ஒப்படைத்த தேதி, என்ன வேலை என்பவை வேண்டும். கடையின் பழுதுப் பதிவேட்டில் ஏறிய வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். முதலில் வெறும் “ரிப்பேர்” என்று எழுதித் தந்தார்கள். கேட்ட பிறகே “சேம்பர் 65-லிருந்து 70” என்று மாற்றி எழுதினார்கள். நாளைக்கு இந்தத் துப்பாக்கி வாரிசு கைக்கோ வேறொருவர் கைக்கோ போகும். குழலில் 12-65 என்ற பழைய முத்திரை அப்படியே இருக்கும், அறை 70 இருக்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் ஒரே காகிதம் இந்த ரசீது. குழலின் அடியில் புதிய அளவைப் பட்டறை வெட்டித் தராததும் நாங்கள் சொல்லும் குறைதான். முத்திரைக்கு மேல் எதையும் வெட்டக் கூடாது என்று அவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் முத்திரைக்குத் தள்ளி ஒரு சிறிய எண் போடலாம்.

தொழில்திறனுக்கு ஐந்தில் நான்கு. அளவுத்தாளை எழுதித் தராததற்கு ஒன்று குறைத்திருக்கிறோம். கேட்டால் தருகிறார்கள், கேட்காதவருக்குத் தருவதில்லை. சேம்பர் நீட்ட வருகிறவருக்கு நீட்ட வேண்டாம் என்று சொல்லத் துணிவுள்ள கடை என்பதால் மறுபடியும் பரிந்துரைப்போம்.

வாங்கப் போகும்போது இரண்டு அளவுத்தாள் கேளுங்கள், வெட்டும் முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று. சோதனையில் சுட்ட நான்கு காலி உறைகளையும் கேட்டு வாங்குங்கள். எந்த உறை எந்தக் குழலில் சுட்டது என்று அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். விளிம்பு நைந்திருந்தால் அறை இன்னும் குட்டையாகவே இருக்கிறது. நடுவில் வளையம்போல் ஒரு கோடு விழுந்திருந்தால் உள்ளே படி இருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் பணத்தைக் கொடுக்கும் முன் துப்பாக்கியை மேசை மேலேயே திருப்பி வையுங்கள்.